சாப்பா எறிகிற கை

போன மழைக்காலத்தில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சுக்கும் மிளகும் மணக்கிற, பாதி மூடிக் கிடக்கிற பாண்டிகசாலைகள். நம்முடைய பண்டகசாலைதான் இங்கே அப்படி வழங்குகிறது. அவற்றில் ஒன்றைப் படமெடுத்து, கீழே எட்டு வரி எழுதிச் சமூக வலைத்தளத்தில் போட்டேன். 1953 செப்டம்பர் 15 அன்று இந்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய வரிகள்.

கொச்சித் துறைமுகத்தில் அப்போது 'சாப்பா' முறை இருந்தது. காலையில் வேலை கேட்டு நிற்கும் கூட்டத்துக்குள் ஆள் எடுக்கும் மூப்பன் உலோக வில்லைகளை வீசுவார். முட்டி மோதி ஒன்றைப் பொறுக்கியவருக்கு அன்று கூலி. வெறுங்கையோடு திரும்பியவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அந்த முறையை ஒழிக்கக் கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டதில் சைது, சைதலவி என்ற இருவர் இறந்தார்கள். பிடிபட்டு அடி வாங்கிய ஆன்றணியும் பிறகு இறந்தார். கே.எம். சிதம்பரன் இதை 'துறைமுகம்' என்ற நாடகமாக எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரம் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கி 2023இல் படமாகவும் வந்தது. மலையாளிகளுக்கு இது ஒளிவுமறைவான செய்தியே கிடையாது.

பத்து நிமிடத்தில் என் பதிவைக் காணோம். வன்முறை தொடர்பான சமூக விதிகளை மீறிவிட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒரு டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை. யார் படித்தார்கள்? அவருக்குத் தமிழ் தெரியுமா? 'சுட்டார்கள்' என்பதற்கும் 'சுடுங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததா? கேட்பதற்கு ஒரு பெயர்கூட அந்த அறிவிப்பில் இல்லை.

இப்படி அடிபட்டவர்கள் தாமாகவே ஒரு பாஷையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'கொ*லை' என்று நடுவில் நட்சத்திரம் வைக்கிறார்கள். 'சா.தி' என்று புள்ளி வைக்கிறார்கள். யூடியூபில் பேசுகிறவர்கள் 'தற்கொலை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒலியை நிறுத்தி உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். ஆணவக் கொலையைப் பற்றி எழுதுகிறவர் அந்தச் சொல்லையே உடைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த நட்சத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எந்த அரசும் சட்டம் போட்டுச் செய்யாத திருத்தத்தை நம் எழுத்துக்கு நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

இருபது வருடத்துக்கு முன் இதே மட்டாஞ்சேரியில், கூவப்பாடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் பழியாய்க் கிடந்தேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டு வெகுகாலம் ஆகியிருக்கவில்லை. கடலடிக் கேபிள்கள் கொச்சியில் கரையேறியிருந்தன: ஐரோப்பாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் இணைத்த ஸீ-மீ-வீ 3, பின்பு 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சேஃப். உலகமே இந்தக் கரை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. எனக்குக் கிடைத்ததோ மணிக்கு இருபது ரூபாய் வாடகைக்கு ஆமை வேக இணைப்பு. தமிழ் படிக்க வேண்டுமென்றால் முதலில் எழுத்துருவை இறக்க வேண்டும். ஒருவர் திஸ்கி என்ற குறியாக்கத்தில் எழுதியிருப்பார், இன்னொருவர் வேறெதிலோ. திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியில் கொண்டுபோய் ஒட்டினால் பூச்சிகள் எழுத்தாகும். தட்டெழுத இ-கலப்பை. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' ஆகிய யாஹூ குழுமங்களில் கவிதைக்கும் இட்லிக்கும் சண்டை நடக்கும். 2004இல் 'தமிழ்மணம்' திரட்டி வந்த பிறகு வலைப்பதிவுகள் பெருகின. பக்கத்து இருக்கை மலையாளிப் பையன்கள் தங்கள் வலைப்பதிவு உலகத்துக்கு 'பூலோகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், 'ப்ளாக்'கும் 'லோக'மும் சேர்ந்த சொல்.

அந்தக் காலத்தைச் சொர்க்கமாக்க எனக்கு மனம் வரவில்லை. பிறர் பெயரில் போலியாக வந்து ஆபாசம் கொட்டியவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தப் பின்னூட்டங்களைப் படித்துவிட்டு எழுதுவதையே நிறுத்திய பெண்கள் உண்டு. அதனால்தான் ஆங்கில 'மாடரேஷன்' என்பதற்கு நம்மவர்கள் 'மட்டுறுத்தல்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் செய்கிறவர் மட்டுறுத்துநர். பின்னூட்டங்களை மட்டுறுத்தும்படி வலைப்பதிவர்களைத் தமிழ்மணமே கேட்டுக்கொண்டது. ஆகவே பழைய இணையத்தில் கட்டுப்பாடே கிடையாது என்று சொல்கிறவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். இருந்தது. ஆனால் மட்டுறுத்துநருக்கு ஒரு பெயர் இருந்தது, மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவரோடு மல்லுக்கு நிற்கலாம், கோபித்துக்கொண்டு வேறு குழுமம் தொடங்கலாம். அப்படித் தொடங்கவும் செய்தார்கள்.

இதில் கேரளம் பட்ட பாடு தனி. காவல் சட்டத்தில் 118(டி) என்றொரு பிரிவு இருந்தது. பிறருக்கு எரிச்சல் உண்டாக்கினாலே குற்றம் என்கிற அளவுக்கு அகலமான பிரிவு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அதோடு சேர்த்து இதையும் தூக்கி எறிந்தது. ஐந்து வருடம் கழித்து, பெண்களைக் கேவலமாகப் பேசி வீடியோ போட்ட ஒருவரைப் பின்னணிக் குரல் கலைஞர் பாக்யலட்சுமியும் தோழியரும் நேரிலேயே போய்ப் பிடித்தார்கள். போலீஸில் புகார் கொடுத்தும் பயன் இல்லை என்ற ஆற்றாமை அது. அதையடுத்து அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளுநர் கையெழுத்திட்டது 2020 நவம்பர் 21. ஊரே எதிர்த்தது. 23ஆம் தேதியே முதல்வர் பினராயி விஜயன், செயல்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். பெண்களின் வேதனை உண்மை, சட்டம் தவறு. இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டமென்றால் எதிர்க்க இடமிருந்தது. யார் கையெழுத்திட்டார், எந்தத் தேதி, எந்தப் பிரிவு என்று எல்லாம் தெரிந்தது. இரண்டே நாளில் பின்வாங்க வைக்க முடிந்தது. அடுத்த மே மாதம் கவிஞர் கே. சச்சிதானந்தனின் ஃபேஸ்புக் கணக்கு முடக்கப்பட்டது. கேரளத் தேர்தலில் பாஜக தோற்றதைப் பற்றிய ஒரு வீடியோவை அவர் பகிர்ந்திருந்தார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பதிவு, விருப்பம், கருத்து எதுவும் கூடாது. முப்பது நாளுக்கு நேரலை கூடாது. சாகித்ய அகாதமியின் செயலராக இருந்தவர், மலையாளத்தின் மூத்த கவிஞர். அவர் பேரிலேயே இப்படி என்றால் பேர் தெரியாதவர்கள் எங்கே போய் முறையிடுவது?

ஈழத்தமிழர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். 2020 நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டித் 'தமிழ் கார்டியன்' வெளியிட்ட இன்ஸ்டாகிராம் பதிவுகள் அகற்றப்பட்டன. இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிற செய்தியும் பயங்கரவாதப் பிரசாரமும் ஒரே வலையில் சிக்கின. அதே இலங்கையில் 2018 மார்ச்சில் திகணவில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, சிங்களத்தில் பொங்கி வழிந்த வெறுப்பை ஃபேஸ்புக் நிறுவனம் சரிவரத் தடுக்கவில்லை. இலங்கை அரசு ஒரு வாரத்துக்கு மேல் ஃபேஸ்புக்கையே தடுத்து வைத்தது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைக்காமல், அஞ்சலியில் கை வைத்திருக்கிறார்கள். ஊரும் மொழியும் தெரியாத மட்டுறுத்தல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

சாப்பா முறையில் கொடுமை இருந்தது. ஆனால் வில்லையை வீசுகிற மூப்பனை எல்லோரும் பார்த்தார்கள். அவர் யாருடைய ஆள் என்று தெரியும். அதனால்தான் அவருக்கு எதிரே கூடி நிற்க முடிந்தது. என் பதிவை எடுத்த கை எங்கிருக்கிறது? நாளை யார் எழுத்து நாலு பேர் கண்ணில் படும், யாருடையது படாது என்று வில்லை வீசுவதும் அதே கைதான்.

யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களை அழித்தது, அடுத்த டிசம்பரில் சேவையையே மூடியது. மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வாரம் கிடைத்ததையெல்லாம் நான் இறக்கி வைத்தேன். அதில் ஒரு மட்டுறுத்துநர் எனக்கு எழுதிய மடல் இருக்கிறது. நான் ஒருவரை ஒருமையில் திட்டி அனுப்பியதை நிறுத்தி வைத்திருந்தார். மூன்றாம் பத்தியில் உள்ள இரண்டு வார்த்தைகளை எடுத்துவிட்டால் போட்டுவிடுகிறேன், மற்றதெல்லாம் நியாயமான கேள்விகள், இரவு பத்து மணி வரை விழித்திருப்பேன், ஒப்புதல் இல்லையென்றால் எழுதுங்கள், பேசலாம் என்று இருந்தது. கீழே தன் பெயரையும் ஊரையும் போட்டிருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம்.