மலைப்பாதை வாகனங்களும் ரப்பர்க் குழாய்களும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலை 1931ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் அச்சாலை, கடல் மட்டத்திற்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரத்திலுள்ள தானா ராத்தாவை அடைகிறது. தேயிலை ஏற்றும் லாரிகளும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு செல்லும் வேன்களும், இன்றும் உழைத்துவரும் பழைய லேண்ட்ரோவர்களும் இத்தகைய மலைப்பாதைகளில்தான் ஓடுகின்றன. டயரையும் எண்ணெயையும் தவறாது கவனிக்கும் ஓட்டுநர்களுள் பலர், ரேடியேட்டரையும் இயந்திரத்தையும் இணைக்கும் ரப்பர்க் குழாய்களைக் கவனிப்பதில்லை.

சமவெளியைக் காட்டிலும் மலையில் இக்குழாய்களின் நலம் முக்கியமானது. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். தானா ராத்தாவில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதனால்தான், 100 டிகிரியைக் கடந்தும் அது கொதியாமல் இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. குழாயில் சிறு வெடிப்பு உண்டானாலும் அவ்வழுத்தம் குறையும். பாரத்துடன் மேடேறும் இயந்திரமோ அப்போதுதான் மிகுந்த வெப்பத்தை வெளியிடுகிறது.

குழாய்களை இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே சோதித்தல் வேண்டும். காலையில் வண்டியை இயக்குமுன் பார்ப்பது சாலச் சிறந்தது. முதலில் வெடிப்பு, வீக்கம், உராய்வு, நீர் கசிந்த கறை ஆகியன உள்ளனவா எனக் கண்ணால் நோக்குக. பின்னர்க் கையால் அமுக்குக. நல்ல குழாய் உறுதியாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். கல்போல் இறுகியதும், களிபோல் குழைந்ததும் மாற்றப்பட வேண்டியவையே. குழாய் உள்ளிருந்தே நைந்துபோவதும் உண்டாகையால், கிளிப்புக்கு அருகிலுள்ள இரு முனைகளையும் தனியாக அமுக்கிப் பார்த்தல் அவசியம். எண்ணெய் ரப்பரின் பகை என்பதைத் தோட்ட மக்கள் அறிவர். குழாயில் எண்ணெய் படிந்திருப்பின் அது எங்கிருந்து கசிகிறது என்பதையும் கண்டறிய வேண்டும்.

பிரேக் குழாய்களையும் மறத்தல் கூடாது. ஸ்டீயரிங்கை இரு புறமும் முழுவதும் திருப்பி, குழாய் டயரில் உராய்கிறதா எனக் காண்க. மற்றொருவர் பிரேக்கை அழுத்தும்போது குழாய் புடைத்தால் அவ்வண்டியை இறக்கத்தில் ஓட்டுவது உயிருக்கே ஆபத்தாகும். அதனைப் பட்டறையில் பழுதுபார்த்த பின்னரே சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வழியில் ரேடியேட்டர்க் குழாய் வெடித்துவிட்டால், வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இயந்திரத்தை உடனே அணைத்திடுக. நீர் முற்றிலும் வெளியேறிய பின் வெப்பமானி சரியான அளவைக் காட்டாமலும் போகலாம். முள் இறங்கிவிட்டதென்று எண்ணி ஓட்டுதல் தவறு. சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. பீறிட்டெழும் கொதிநீர் முகத்தையும் கைகளையும் வேகச் செய்துவிடும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். சிந்திய குளிர்விப்பு நீர்மம் இனிப்பான நச்சு ஆகையால், குழந்தைகளும் நாய்களும் அதனை அணுகாதவாறு கழுவிவிடுதல் நன்று.

ஒரு குழாயின் விலை சொற்பம். வெப்பத்தால் வளைந்த இயந்திரத் தலையைச் சீர்செய்யும் செலவோ ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடலாம். எனவே வாரம் ஒருமுறை சில நிமிடங்களை இச்சோதனைக்கு ஒதுக்குமாறு வாகன உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அவ்வண்டியில் அமர்ந்து செல்வோர் நம் பிள்ளைகளும் உடன் உழைப்போருமே ஆவர்.