யாருக்கு அந்த மணித்தியாலம்?

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை, இங்கே லோசானில் பிற்பகல், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பொழுது சாய்ந்துவிட்டது. அவரவர் வேலைக்கு நடுவில் இணைந்திருக்கிறீர்கள், நன்றி.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டு மன்றங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இலக்கிய அரங்கில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். தொண்டு, பணி, சேவை, சிரமதானம் என்று ஒரே காரியத்துக்கு நம்மிடம் பல சொற்கள் இருக்கின்றன. நான் சொல்லவருவது அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு சம்பவம்.

நான் இங்கே வார இறுதித் தமிழ் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு சனிக்கிழமை பதினாறு வயது மாணவி ஒருத்தி ஒரு படிவத்துடன் வந்தாள். தன் பாடசாலையின் தொண்டு மன்றத்தில் அவள் உறுப்பினர். எங்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க உதவியிருந்தாள். "சேர், இருபது மணித்தியாலம் எண்டு போட்டு ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ" என்றாள். என் கணக்கில் பதினான்குதான் வந்தது. பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு தாயார் தொலைபேசியில் கதைத்தார். "பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வேணுமாம். ஆறு மணித்தியாலம் தானே, கூட்டிப் போட்டுவிடுங்கோ." அடுத்த கிழமை நான் கூட்டிப் போட்டேன். குற்றம் என்னுடையது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

அதே மன்றத்துப் பிள்ளைகள் ஒரு முதியோர் இல்லத்திலும் தொண்டு செய்தார்கள். அங்கே தமிழ் அம்மா ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு பேச வராது. தாதிமார் கேட்பது அவருக்கும் அவர் சொல்வது தாதிமாருக்கும் விளங்காது. கிழமைக்கு ஒருமுறை போன நம் பிள்ளைகள் அவருக்கு வாயாகவும் காதாகவும் இருந்தார்கள். தவணை முடிந்தது, படிவங்கள் நிரம்பின, பிள்ளைகள் போவதை நிறுத்திவிட்டார்கள். இனி வரமாட்டோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் போனபோது அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளையளுக்கு ஏதும் சுகமில்லையோ?"

அவர் கோபித்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவரோ பிள்ளைகளுக்கு என்ன ஆனதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் வரவில்லை. நான் ஒப்பமிட்ட மணித்தியாலங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்றுதான் எனக்கு வந்தது.

இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பாடசாலைத் தொண்டு மன்றம் புதிய விஷயம் இல்லை. 1925இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ உயர்நிலைப் பள்ளியில் 'கீ கிளப்' தொடங்கியது. 1962இல் ஃபுளோரிடாவின் மெல்பர்ன் உயர்நிலைப் பள்ளியில் ரோட்டரியின் முதல் 'இன்டராக்ட்' கழகம் தொடங்கியது. பிறகு அரசுகளும் கல்வி அமைப்புகளும் தொண்டைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தன. இந்தியாவில் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பமானது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணிநேரம், இரண்டு ஆண்டில் 240 மணிநேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. கனடாவின் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலத் தொண்டு கட்டாயம். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ரொறன்ரோப் பெற்றோருக்கு அந்த நாற்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கணக்கு வைப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. கணக்கு இல்லாவிட்டால் பல பிள்ளைகள் அந்த வாசலுக்கே போகமாட்டார்கள். 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. கல்வித் திட்டம் இதில் ஒரு பாடம் கற்றது. ஆக்கம், உடற்செயல்பாடு, சேவை மூன்றையும் அது டிப்ளோமாவின் பகுதியாக வைத்திருக்கிறது. ஒருகாலத்தில் அதற்கு 150 மணிநேரம் என்று கணக்கு இருந்தது. பிற்பாடு மணியை எண்ணுவதைக் கைவிட்டு, குறைந்தது 18 மாதம் தொடர்ந்து ஈடுபடவேண்டும், செய்ததிலிருந்து என்ன கற்றாய் என்று யோசித்து எழுதவேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் அங்கே கேட்கப்படுவது மாணவர் என்ன பெற்றார் என்பதே. முதியோர் இல்லத்து அம்மா என்ன பெற்றார் என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

இந்த இடத்தில் லோசான்காரர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பியேர் செரெசோல் 1879இல் இங்கே பிறந்தார். தந்தை சுவிஸ் கூட்டாட்சித் தலைவராக இருந்தவர். மகன் பொறியியல் படித்தார். தனக்கு வந்த சொத்தை அரசுக்கே கொடுத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் இராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை போனார்.

போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகள் ஆனபின், 1920இல், அவர் ஒரு சிறிய குழுவோடு பிரான்சின் வெர்டன் பகுதியில் இருக்கும் எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார். குண்டுவீச்சில் தரைமட்டமாகிப்போன ஊர். அந்தக் குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். இடித்தவர்களின் நாட்டிலிருந்தே கட்டுவதற்கு ஆள் வந்திருந்தது. பாதைகளைத் துப்புரவாக்கினார்கள், தங்குமிடங்கள் கட்டினார்கள், வயல்களைச் சீர்செய்தார்கள். ஆனால் ஜெர்மானியர் அங்கே இருப்பதை எல்லோரும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

முதல் முயற்சியே இப்படி அரைகுறையாகத்தான் முடிந்தது. ஆனால் அதிலிருந்துதான் சர்வதேசக் குடிமைச் சேவை என்ற அமைப்பு வளர்ந்தது. 1924இல் நம் வோ மாநிலத்து மலைக்கிராமமான வெர்லெக்லீசில் பனிச்சரிவு கொண்டுவந்து கொட்டியவற்றை அகற்றினார்கள். பியேரின் அண்ணன் எர்னெஸ்ட் சுவிஸ் இராணுவ அதிகாரி. தம்பி இராணுவத்தை மறுத்தவர். இருவரும் இந்தப் பணியில் சேர்ந்து நின்றார்கள். 1928இல் வெள்ளம் பாழாக்கிய லீக்டன்ஸ்டைனுக்குப் பல நாடுகளிலிருந்து 700க்கும் அதிகமான தொண்டர்கள் வந்தார்கள். முறிந்த வாளின் மேல் ஒரு மண்வாரி, இதுதான் அமைப்பின் சின்னம். பேச்சு வேண்டாம், செயல் வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை.

காந்தி 1931 டிசம்பரில் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சுவிஸ் வந்து, வில்நெவில் ரொமேன் ரோலான் வீட்டருகே தங்கினார். டிசம்பர் 8ஆம் தேதி லோசானில் பேசினார். கடவுளே உண்மை என்று சொல்லிவந்த தான், உண்மையே கடவுள் என்று ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று அவர் விளக்கியது இந்த ஊரில்தான். செரெசோல் அந்தப் பயணத்தில் அவரைச் சந்தித்தார். 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது செரெசோல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். நிவாரணத்தை முன்னின்று நடத்திய ராஜேந்திர பிரசாத்தோடு சேர்ந்து, முசாபர்பூர்ப் பக்கத்தில் வீடிழந்த மக்களுக்குக் கிராமங்களை மீளக்கட்டும் வேலையில் இறங்கினார். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகவில்லை. திரும்ப வந்தார், தோழர்களையும் அழைத்துவந்தார், வேலை சில ஆண்டுகள் தொடர்ந்தது. தொண்டில் திரும்ப வருவதுதான் பாதி வேலை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இராணுவச் சேவைக்குப் பதிலாகக் குடிமைச் சேவை வேண்டும் என்று அவர் நாட்டிடம் கேட்டார். 1945இல் அவர் இறக்கும்வரை அது கிடைக்கவில்லை. 1992இல் மக்கள் வாக்களித்து ஏற்று, 1996இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் விண்ணப்பிக்கும் இளைஞரை உட்காரவைத்து, உன் மனச்சாட்சி உண்மையானதா என்று விசாரித்தார்கள். 2009இல் அந்த விசாரணையை எடுத்துவிட்டார்கள். இராணுவத்தைவிட ஒன்றரை மடங்கு காலம் சேவை செய்யச் சம்மதிப்பதே போதிய சான்று என்றார்கள். சுவிஸ் குடியுரிமை பெற்ற நம் பையன்களில் யாராவது மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ அந்தச் சேவையைச் செய்தால், அவர் செரெசோல் கேட்ட கதவு வழியாகத்தான் உள்ளே போகிறார்.

செரெசோல் வளர்ந்த மனிதர், நம் பேச்சோ பள்ளி மாணவர்களைப் பற்றியது என்பீர்கள். சரி, இலங்கைக்குப் போவோம். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப்போனார். சாதியின் பேரால் சமூகம் ஒதுக்கிவைத்திருந்த மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு மண் வெட்டினார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் பிறந்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போனது. அதன் வேர் ஒரு பள்ளி ஆசிரியரும் சில பதின்ம வயதுப் பிள்ளைகளும்தான். அவர்கள் பொருள் கொடுத்துவிட்டு வந்திருந்தால் ஒருநாளில் முடிந்திருக்கும். கூடத் தங்கியதால்தான் அது இயக்கமாயிற்று.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் சிரமதானம் என்றால் பாடம் நடக்காத நாள். மண்வெட்டி எங்கே என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போகும். தமிழில் சிரமம் என்றால் கஷ்டம். ஆகவே சிரமதானம் என்றால் மற்றவருக்குச் சிரமம் கொடுப்பது என்று பகிடி விடுவோம். உண்மையில் சிரமம் என்பதன் மூலப்பொருள் உழைப்பு. உழைப்பைத் தானம் செய்வதே சிரமதானம். தானம் கொடுத்தபின் அது பெற்றவருக்குச் சொந்தம். அதைக் கொடுத்தவர் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது.

தொண்டு என்ற சொல்லைப் பாருங்கள். தொண்டர் என்றால் அடியவர். அவர் தன் விருப்பப்படி வந்துபோகிறவர் இல்லை. திருநாவுக்கரசரை நம் மரபு எப்படிச் சிலை வடித்திருக்கிறது? கையில் ஏடு இல்லை, உழவாரப்படை இருக்கிறது, புல் செதுக்கும் கருவி. பதிகம் பாடிய பெருங்கவிஞரைக் கருவியோடு நிற்கவைத்தார்கள். செரெசோலின் மண்வாரியையும் அப்பரின் உழவாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. மழைக்கு இந்த உலகம் என்ன திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்று கேட்டுத்தான் அது ஆரம்பிக்கிறது. மழை படிவம் நீட்டுவதில்லை.

பிள்ளைகள் மழை இல்லை, அவர்களுக்குப் படிவம் தேவைப்படுகிறது. ஆகவே நடைமுறையில் என்ன செய்யலாம்? மன்றம் நடத்தும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, போவதற்கு முன் கேளுங்கள். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் பாட்டும் நடனமும் தயாரித்துக் கொண்டுபோனார்கள். அவருக்குத் தேவைப்பட்டது, எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று தாதியிடம் கேட்டுச் சொல்ல ஒரு ஆள். இரண்டாவது, கொஞ்சமாக எடுத்துத் தொடர்ந்து செய்யுங்கள். ஒரே நாளில் பத்துப் பேர் போய்ப் படம் எடுப்பதைவிட, இரண்டு பேர் மாதம் இருமுறை ஒரு வருடம் போவது மேல். மூன்றாவது, நிறுத்துவதாக இருந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பரீட்சை வரும், வேறு ஊருக்குப் படிக்கப் போவீர்கள், அதெல்லாம் இயல்பு. போகுமுன் அடுத்த வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்துங்கள். இந்தக் கைமாற்றத்துக்குத்தான் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. தனி ஆள் போய்விடுவார், மன்றம் இருக்கும்.

நான் ஆறு மணித்தியாலம் கூட்டிப்போட்ட மாணவியிடம் அந்த அம்மா கேட்டதைச் சொன்னேன். படிவத்தைப் பற்றியும் சொன்னேன், நான் செய்தது பிழை என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்களைத் தேடுவா எண்டு நாங்கள் நினைக்கேல்லை, சேர்" என்றாள். அது சாக்குப்போக்கு இல்லை. தான் ஒருவருக்குத் தேவைப்படுவோம் என்று அந்த வயதில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மார்க் வாங்கு, சான்றிதழ் வாங்கு என்றுதான் நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம்.

இப்போது அவளும் இன்னொரு பிள்ளையும் மாதம் இரண்டு ஞாயிறு போகிறார்கள். அதற்குப் படிவம் இல்லை. எங்கள் தமிழ் வகுப்பில் கொடுக்கும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'அடுத்த முறை எப்போது, யார் வருவார்?' அந்த வரி நிரம்பாவிட்டால் நான் கையெழுத்து வைப்பதில்லை.

உங்கள் பிள்ளை நாளைக்கு ஒரு படிவத்தோடு வந்தால், எத்தனை மணித்தியாலம் என்று கேட்குமுன், யாரிடம் போனாய், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் தொண்டு நடந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.