விண்ணப்ப மடலிலிருந்து இணையவழித் தன்விவரக் குறிப்பு வரை: காலடிப்பேட்டையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னைத் தொழிற்பகுதியில் வேலை தேடும் முறை, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலிருந்து இணையத்தை நோக்கி நகர்ந்துள்ளது. இதனைக் கருவியின் மாற்றமாக மட்டும் கொள்ளாமல், உழைப்பவர் தம் திறனை எழுத்தில் முன்வைக்கும் மொழிநடையின் மாற்றமாகவும் கொள்ளவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: காலடிப்பேட்டை, தன்விவரக் குறிப்பு, வேலைவாய்ப்பு, தொழிற்சொற்கள், ஒருங்குறி.

முன்னுரை

திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக விளங்கிய ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக உருவாக்கிய ஊராகும். காலட்பேட்டை என்னும் பெயர் மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை எனத் திரிந்தது. தொழிலின்பொருட்டுத் தோன்றிய இவ்வூரைச் சுற்றி இருபதாம் நூற்றாண்டில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, எண்ணூர் அசோக் லேலண்ட், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியன எழுந்தன. இத்தகைய தொழிற்பகுதியில் வேலை தேடுவோர் எழுதவேண்டிய பனுவல் எவ்வாறு மாறியுள்ளது என்பது இங்கு ஆராயப்படுகின்றது.

பழைய முறையும் அதன் எழுத்தும்

1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் சட்டம், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்கள் தம் காலியிடங்களை அறிவிக்கவேண்டும் என்றது. ஆயின், அலுவலகத்தின் வழியாகவே ஆளெடுக்கவேண்டும் என அது கட்டாயப்படுத்தவில்லை. அரசுப் பணிகளிலும், அலுவலகப் பட்டியலோடு பொது விளம்பரமும் தேவை என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு மூப்பு, உறவினர் பரிந்துரை, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான தொழிற்பழகுநர் பயிற்சி ஆகியவை வேலைக்கான வாயில்களாக இருந்தன. அனுப்புநர், பெறுநர், பொருள் என அமைந்த மடலில் தந்தை பெயர், வயது, கல்வி ஆகியன இடம்பெற்றால் போதும். திறன் பணிக்கூடத்தில் சோதிக்கப்பட்டதால், எழுத்தின்மீது மிகுந்த சுமை விழவில்லை.

இணையவழி முறையின் தேவைகள்

2015இல் நடுவண் அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும், 2020இல் தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்புத் தளமும் தொடங்கப்பெற்றன. இத்தகைய தளங்களில் பணியளிப்போர் பணிப்பெயர், திறன், அனுபவம், இடம் ஆகியவற்றைக் கொண்டு தேடுகின்றனர். குறிப்பில் இல்லாத சொல் தேடலில் கிட்டுவதில்லை. இந்நிலையில் மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது, பெயரும் முகவரியும். முதலெழுத்தோடு பெயர் எழுதும் தமிழ் வழக்கு, முதற்பெயர், குடும்பப்பெயர் எனக் கேட்கும் படிவத்தில் பொருந்துவதில்லை. மேலும், காலடிப்பேட்டை 1997இல் திருவள்ளூர் மாவட்டத்திலும் 2018இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. ஆகவே ஒரே வீட்டின் ஆவணங்களில் வெவ்வேறு மாவட்டங்கள் காணப்படலாம். எல்லா விண்ணப்பங்களிலும் இன்றைய முகவரியையும் சான்றிதழில் உள்ள பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதே தீர்வாகும்.

இரண்டாவது, தொழிற்சொல். ‘பத்து ஆண்டுகள் வெல்டர்’ என்னும் தொடர் ஒருவரின் திறனைக் காட்டுவதில்லை. ‘குழாய் இணைப்புகளில் ஆர்க், டிக் வெல்டிங், வரைபடம் பார்த்துப் பொருத்துதல்’ என்னும்போது செய்த வேலையும் தேடத்தக்க சொற்களும் கிடைக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் ஒரே ஆலையில் பல ஒப்பந்தக்காரர்களிடம் பணிபுரிந்திருப்பின், ஒப்பந்தக்காரரைப் பணியளிப்பவராகவும் ஆலையைப் பணியிடமாகவும் பிரித்து எழுதுதல் வேண்டும். 2014இல் நடைமுறைக்கு வந்த வருங்கால வைப்புநிதிப் பொதுக் கணக்கு எண், இச்சிதறிய பணிக்காலத்தை நிறுவத் துணைசெய்யும்.

மூன்றாவது, எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சிட்ட சொற்கள் கணினியில் உரோமன் குறிகளாகவே பதிவாகின்றன. அவற்றைத் தேடுபொறி தமிழாக அறிவதில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற ஒருங்குறியைப் பயன்படுத்துவதும், ஒளிப்படமாக வருடிய தாளைத் தவிர்ப்பதும் இன்றியமையாதன.

சமயம், சாதி, திருமண நிலை ஆகியன தனியார் பணிக்கான குறிப்பில் தேவையற்றன. இடஒதுக்கீடு பின்பற்றப்படும் அரசுப் படிவங்களில் வகுப்பு விவரம் தேவைப்படும்.

தற்புகழ்ச்சியும் மரபும்

தம் திறனைத் தாமே எழுதுவது தற்புகழ்ச்சியாகும் என்னும் கூச்சம், அனுபவம் மிக்க தொழிலாளரைச் சுருக்கமாக எழுதவைக்கின்றது. தற்புகழ்ச்சியைக் கடிந்த தமிழ் மரபே அதற்கு விலக்கும் அளித்துள்ளது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடையேயும் புலவர் தம்மைப் புகழ்தல் தகும் எனப் பவணந்தி முனிவரின் நன்னூல் பொதுப்பாயிரம் கூறுகின்றது. நேரில் அறியாத பணியளிப்பவருக்குக் குறிப்பு விடுக்கும் தொழிலாளரின் நிலையும் இவ்விரண்டையும் ஒத்ததே. அவ்விலக்கு மிகைக்கு இடமளிப்பதாகக் கொள்ளலாகாது. செய்த பணியை அளவோடும் சான்றோடும் சொல்வதே ஏற்புடையது.

முடிவுரை

இணையவழி வேலை தேடலுக்குக் கணினிப் பயிற்சி மட்டும் போதுமானதன்று. பணிக்கூடத்தில் வழங்கும் சொல்லைத் தேடலில் கிட்டும் சொல்லோடு இணைக்கும் மொழித்திறனும் வேண்டும். அது இல்லாதவிடத்து, கைத்திறன் மிக்கவர் நேர்காணல் அழைப்பைக்கூடப் பெறாமல் விலக்கப்படுகின்றார். வடசென்னைத் தொழிற்சொற்களைத் தொழிலாளரிடமிருந்தே தொகுத்து இருமொழிச் சொல்லடைவாக்குவதும், தன்விவரக் குறிப்பு எழுதுதலைப் பயன்பாட்டுத் தமிழ்ப் பாடத்தில் சேர்ப்பதும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.