இரும்பும் எரியும்!

மருத்துவமனை வராந்தாவில் நடக்கும்போது, தலைக்கு மேலே சுவரோரமாக ஓடும் மெல்லிய குழாய்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றில் ஒன்றில் ஆக்சிஜன் போகிறது. பெரிய மருத்துவமனைகளில் வெளியே ஒரு தொட்டி நிற்கும். அதற்குள் சுமார் மைனஸ் 183 டிகிரி குளிரில் ஆக்சிஜன் தண்ணீர்போலத் திரவமாக இருக்கும். அது வாயுவாக மாறி, குழாய் வழியே ஒவ்வொரு கட்டிலுக்கும் வந்து சேர்கிறது. அந்தக் குழாய் செம்பால் ஆனது. வீட்டுத் தண்ணீருக்கு பிளாஸ்டிக் குழாய் போதும் என்கிறோம். செம்போ விலை அதிகம். பிறகு ஏன் ஆக்சிஜனுக்குச் செம்பு?

இதற்குப் பதில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. தள்ளி நின்றே பாருங்கள். வேலை நடக்கும்போது அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. தடித்த இரும்புத் தகட்டில் ஓரிடத்தைத் தொழிலாளி செக்கச் செவேலென்று காய்ச்சுவார். பிறகு கைப்பிடியை அழுத்துவார். சுத்தமான ஆக்சிஜன் பீய்ச்சி அடிக்கும். பொறி பறக்க, இரும்பு பிளந்துகொண்டே போகும். இதை 'கேஸ் கட்டிங்' என்பார்கள். வெட்டுவதாக நாம் சொன்னாலும், அந்த இடத்தில் இரும்பு விறகைப்போல எரிந்துகொண்டிருக்கிறது! எரிந்து, இரும்பு ஆக்சைடாகி, உருகி வழிகிறது.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். அது எரியவும் எரியாது, எரிய உதவவும் செய்யாது. தீயின் சூட்டை வாங்கிக்கொண்டு அதை அடக்கி வைக்கும். விறகடுப்பில் பாட்டி ஊதுகுழலால் ஊதினால் கங்கு குபீரென்று பற்றுமே, அது வெறும் காற்றுக்கே. நைட்ரஜனே இல்லாத சுத்த ஆக்சிஜன் என்றால் இரும்புக்கும் தீப்பிடிக்கும்.

இனி செம்புக்கு வருவோம். இரும்பை வெட்டும் அதே கருவியால் செம்பை வெட்ட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது. ஒரு கிராம் இரும்பு எரிந்தால் சுமார் 7 கிலோஜூல் வெப்பம் வரும். செம்பு எரிந்தால் இரண்டரைதான். அந்தக் கொஞ்ச வெப்பத்தையும் செம்பு ஓரிடத்தில் தங்க விடாமல் சட்டென்று பரப்பிவிடும். அதனால் தீ நிலைக்காது. அலுமினியமும் வெப்பத்தை நன்றாகவே பரப்பும். ஆனால் ஒரு கிராம் அலுமினியம் எரிந்தால் சுமார் 31 கிலோஜூல்! ஆகவே அது ஆக்சிஜன் குழாய்க்கு ஆகாது. இரும்பு எரியும் என்றாலும், உருக்காலைகளில் ஆக்சிஜனுக்குப் பெரிய இரும்புக் குழாய்களும் உண்டு. அங்கே வாயு ஓடும் வேகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும். வேகமாக ஓடும் வாயு ஒரு துருத் துணுக்கை அடித்துக்கொண்டு போய் வளைவில் மோதினால், அந்த மோதலின் சூடே தீக்குச்சி ஆகிவிடும்.

குழாய் செம்பாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே துப்புரவாகவும் இருக்க வேண்டும். எண்ணெயோ கிரீஸோ துளி இருந்தாலும் ஆபத்து. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வாயுவை அமுக்கினால் அது சூடாகும். நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல சுமார் 150 மடங்கு. வால்வை வெடுக்கென்று திறந்தால், அடுத்த பகுதியில் இருக்கும் வாயு ஒரு நொடிக்குள் அமுங்கி, பல நூறு டிகிரி சூடேறிவிடும். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். வால்வை மெதுவாகத் திறப்பதும், எண்ணெய்க் கையோடு சிலிண்டரைத் தொடாமல் இருப்பதும் இதற்காகத்தான். செம்புக் குழாய்களைச் சூட்டில் இணைக்கும்போது உள்ளே நைட்ரஜனை ஓட விடுவார்கள். இல்லையென்றால் உட்புறம் கருகிச் செதில் செதிலாக உதிரும். யார் கண்ணிலும் படாத உட்புறத்துக்காக இத்தனை அக்கறை எடுக்கும் அந்தத் தொழிலாளர்களை நான் மனமார மதிக்கிறேன்.

பிளாஸ்டிக் என்ன ஆகும்? 1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்பல்லோ 1 விண்கலத்தைத் தரையிலேயே சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே முழுக்க ஆக்சிஜன். தீப்பிடித்ததும் நைலான் போன்ற பொருள்களில் அது மின்னல் வேகத்தில் பரவியது. கிரிஸ்ஸம், வைட், சாஃபி என்ற மூன்று வீரர்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு, ஏவுதளத்தில் நிற்கும் கலத்துக்குள் 60 சதவீதம் ஆக்சிஜனும் 40 சதவீதம் நைட்ரஜனும் கலந்து நிரப்பினார்கள்.

"நோயாளியின் மூக்குக்குப் போகும் குழாய் பிளாஸ்டிக்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. சுவரில் இருக்கும், வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தாண்டியதும் அழுத்தம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஓடுவதும் கொஞ்சம் வாயுதான். அதனால் அங்கே பிளாஸ்டிக் போதும். ஆனால் அந்தக் குழாய் தீயைத் தாங்காது. தலையணையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் தேங்கியிருந்தால் ஒரு சிறு பொறி போதும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தாத்தா பாட்டி யாராவது ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தால், அந்த அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, விளக்கு, பீடி எதுவும் வேண்டாம் என்று பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உதடு வறண்டாலும் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைத் தடவ வேண்டாம். மருத்துவரைக் கேட்டு, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பை வாங்கித் தரச் சொல்லுங்கள்.