காலையில் மடங்காத விரல்கள்: முடக்குவாதத்தோடு அன்றாட வாழ்க்கை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கடலை ஆய்வதும் விதைக்கடலை உடைப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. காயைக் கிள்ளக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். ஆனால் அவை பொழுதுக்கும் மடங்கி நிமிர வேண்டும். நடவு, களையெடுப்பு, பூக்கட்டு எல்லாமே விரலை நம்பித்தான் நடக்கின்றன. முடக்குவாதம் பெரும்பாலும் முதலில் பிடிப்பது அந்த விரல்களைத்தான்.

ஊர்ப்பக்கம் சரவாங்கி என்றும் சொல்லப்படும் இந்த நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், 30 வயதுக்குமேல் குடும்பத்தையும் வேலையையும் ஒருசேரச் சுமக்கும் காலத்தில் தொடங்குவது சகஜம். சீக்கிரம் கண்டுபிடித்து, மாத்திரையை விடாமல் எடுத்தால் விரல்களைக் கோணாமல் காப்பாற்ற முடியும்.

தேய்மானமா, வாதமா?

முழங்கால் தேய்மானம் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். முடக்குவாதம் நேர்மாறு. ராத்திரி ஓய்வெடுத்து எழுந்ததும் கை, கால் பிடித்துக்கொள்ளும். விரல் மடங்க அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். வேலை செய்யச் செய்ய இளகும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கும். விரல் தொடங்கும் முட்டி, நடு முட்டி, மணிக்கட்டு ஆகியவைதான் அதிகம் பாதிக்கப்படும். நுனி முட்டி பெரும்பாலும் தப்பிக்கும்.

கிருமியோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது இது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. 2006இல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குன்யாவுக்குப் பிறகு, எந்த மூட்டு வீக்கத்தையும் "அந்தக் காய்ச்சல் வலிதான்" என்று தள்ளிப்போடும் பழக்கம் பலரிடம் உண்டு. வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இருக்கலாம். அதனால் ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகளையும் சேர்த்தே மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

வலி நின்றால் போதாது

மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரை வலியைக் குறைக்கும். எலும்பு அரிப்பைத் தடுக்காது. வலி தெரியாததால் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். அதன் பலனைக் கண்டறிந்த ஆய்வுக்கு 1950இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் மாதக்கணக்கில் எடுத்தால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். தானாகத் தொடங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. பெயரும் அளவும் அச்சிடாத பொடி, லேகியங்களில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வாரம் ஒருமுறை மட்டும்

நோயின் போக்கையே கட்டுப்படுத்தும் முதல் மருந்தாக உலகெங்கும் தரப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆய்வுத் தலைவராக இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்து அது. முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. 1988இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறிப்போய் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்தாகும். ஞாயிறு என்றால் ஞாயிறு என்று கிழமையைக் குறித்து, அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவைப்பது நல்லது. மருத்துவர் சொன்ன நாளில் ஃபோலிக் ஆசிட், குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை இரண்டும் தவறக்கூடாது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால் பாதியில் விடக்கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் சில மாதம் முன்பே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுப்படியிலும் வயலிலும்

எழுந்ததும் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, உள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி விரித்தால் இறுக்கம் தளரும். துவைப்பது, மாவு பிசைவது போன்றவற்றை விரல் இளகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டப்பா மூடியை விரல் நுனியால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்பலாம். நிறைகுடத்துக்குப் பதில் இரண்டு சிறிய பாத்திரம். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையிலோ தோளிலோ மாட்டுவது. துணியை முறுக்காமல் தண்ணீர் வடியவிட்டுக் காயப்போடுவது. கத்தி, கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க வசதி.

கடலை ஆய்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கையை விரித்து இரண்டு நிமிடம் ஓய்வு கொடுக்கலாம். வீக்கம் அதிகமுள்ள நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வு தேவை. மற்ற நாளில் நடைப்பயிற்சியும் விரல் பயிற்சியும் தசை மெலியாமல் காக்கும்.

புளி, உருளைக்கிழங்கு பயம் வேண்டாம்

புளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு நோயைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. முடக்கத்தான் தோசையை உணவாகச் சாப்பிடலாம். அது மாத்திரைக்கு மாற்று அல்ல. மரக்காணம் பக்கம் கிடைக்கும் மத்தி போன்ற மீன்களில் உள்ள ஒமேகா 3 ஓரளவு உதவும். பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்; புகை நோயின் வேகத்தைக் கூட்டி, இதயத்துக்கும் கேடு செய்யும்.

எங்கே போவது?

விழுப்புரத்துக்கு அருகில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இரண்டும் தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள். இரண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய 40 கி.மீ. தூரத்தில் உள்ள புதுச்சேரி ஜிப்மரில், இத்தகைய நோய்களுக்கென்றே நோய் எதிர்ப்பியல் துறை இயங்குகிறது. போகும்போது பழைய சீட்டுகள், காலி மாத்திரை அட்டைகள், காலையில் எவ்வளவு நேரம் விரல் இறுகியிருந்தது என்று எழுதிய நோட்டு ஆகியவற்றை எடுத்துப் போனால் மருந்தின் அளவை முடிவு செய்ய உதவும்.

காய்ச்சல், வறட்டு இருமலுடன் மூச்சுத்திணறல், வாய்ப்புண், கண் சிவந்து வலிப்பது, ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதிப்பது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.