25 ஆண்டு தாண்டிய கேமில் தமிழ் பேசும் வீரர்கள்: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-க்குத் திரும்பிப் போகலாமா?

கல்லூரி ஹாஸ்டலில் எங்கள் போர் இரவு 11 மணிக்கு மேல்தான் தொடங்கும். நாலு பழைய கம்ப்யூட்டர், காரிடாரில் இழுத்துவிட்ட லான் கேபிள், பக்கத்து அறையிலிருந்து “டேய், அவன் கோட்டை கட்டிட்டான்டா!” என்ற அலறல். மறுநாள் காலை இன்டர்னல் தேர்வு இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம்.

அந்த கேம் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. பல வருடம் கழித்து, அதன் புதுப்பிக்கப்பட்ட ‘டெஃபினிட்டிவ் எடிஷனை’ சமீபத்தில் லேப்டாப்பில் ஏற்றினேன். “நமக்குத் தெரியாததா?” என்ற நம்பிக்கையில், நடுத்தரக் கடினத்தில் கம்ப்யூட்டரோடு மோதினேன். 40 நிமிடத்தில் கதை முடிந்தது. தோற்றது நான்தான்.

ஏன் தோற்றேன் என்று யோசித்தபோதுதான், இந்த கேமில் எதை மாற்றியிருக்கிறார்கள், எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. நாங்கள் விளையாடிய காலத்தில் அதில் இந்தியாவே கிடையாது. இப்போது அதில் சோழர் கதை இருக்கிறது.

இது என்ன கேம்?

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது ‘ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி’ வகை. செஸ் மாதிரி ஆளுக்கொரு முறை கிடையாது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் எதிரியும் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

வழக்கமான ஆட்டத்தில் ஒரு ஊர் மையம், மூன்று கிராமவாசிகள், ஒரு வேவுக்காரர் ஆகியோரோடு தொடங்குவீர்கள். உணவு, மரம், தங்கம், கல் என நான்கு வளங்கள். இருண்ட காலத்தில் தொடங்கி நிலவுடைமைக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என நான்கு கட்டங்களைத் தாண்டவேண்டும். ஒரு கிராமவாசியை உருவாக்க 50 உணவும் 25 நொடியும் ஆகும். இரண்டாம் கட்டத்துக்குப் போக 500 உணவு வேண்டும்.

பார்க்கப் போர் விளையாட்டு. உள்ளே இருப்பது வீட்டு பட்ஜெட். கையில் இருப்பதை இன்னொரு விவசாயிக்குச் செலவழிப்பதா, ஒரு ஈட்டிக்காரருக்குச் செலவழிப்பதா என்ற கேள்வி முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை துரத்தும். இந்தத் தாளம்தான் கேமின் உயிர். டெஃபினிட்டிவ் எடிஷன் இதில் கை வைக்கவில்லை.

அப்படின்னா எது மாறியது?

1999-ல் வந்த மூல கேமில் வயல் விளைந்து தீர்ந்துபோனால், நாமே தேடிப்போய் மறுபடி போடவேண்டும். மரம் வெட்டும் இடத்தைக் கட்டி முடித்த ஆள், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நிற்பார். 2000-ல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ எக்ஸ்பான்ஷன், கட்டிய கையோடு மரம் வெட்டப் போகும் புத்தியை அவருக்குக் கொடுத்தது. வயல்களை முன்கூட்டியே வரிசையில் போட்டுவைக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது.

2019 நவம்பரில் வெளியான டெஃபினிட்டிவ் எடிஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. வயல் தானாகவே மறுபடி விதைக்கப்படும். வேவுக்காரர் தானாகவே ஊர் சுற்றுவார். ஒரு ஆளுக்கு அடுத்தடுத்து நாலு வேலை சொல்லிவிட்டு நாம் வேறு பக்கம் திரும்பலாம். நான் தோற்றதற்குக் காரணமும் இதுதான். வயல் பக்கம் அடிக்கடி ஓடிப்போய்ப் பார்ப்பது விரல்களில் ஊறிப்போன பழக்கம். தேவையே இல்லாத அந்த வேலையில் என் நேரம் போனது. அதற்குள் எதிரியின் குதிரைப்படை வாசலுக்கு வந்துவிட்டது.

எதிரியும் பழைய ஆள் இல்லை. மூல கேமில் மிகக் கடினமான நிலையில் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் வளங்கள் கிடைக்கும். அந்த பலத்தில்தான் அது மிரட்டியது. புதிய ஏஐ அந்தத் தில்லுமுல்லு இல்லாமலே ஜெயிக்கிறது. பழைய எதிரியோடுதான் மோதுவேன் என்றால் அதையும் தேர்ந்தெடுக்கலாம்.

படங்கள் புதிதாக வரையப்பட்டுள்ளன. இசையும் குரல்களும் மறுபடி பதிவு செய்யப்பட்டுள்ளன. 4கே படங்கள் தனி இலவசத் தொகுப்பு என்பதால், தேவையில்லாதவர்கள் டேட்டாவை மிச்சப்படுத்தலாம். குறையும் இருக்கிறது. பெரிய படையைக் குறுகலான இடத்தில் நடத்தினால், திருவிழாக் கூட்டம் மாதிரி ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ரசிகர்கள் தூக்கி நிறுத்திய கேம்

இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-ல் மூடப்பட்டது. பொதுவாக அத்தோடு ஒரு கேமின் ஆயுள் முடிந்துவிடும். ஆனால், ரசிகர்கள் சிலர் ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற பெயரில் தாங்களே ஒரு விரிவாக்கத்தை உருவாக்கி, 2012-ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது ‘தி ஃபர்காட்டன்’ என்ற பெயரில் அதிகாரபூர்வ எக்ஸ்பான்ஷன் ஆனது. அந்த ரசிகர் குழு நிறுவனமாக வளர்ந்து, பிறகு டெஃபினிட்டிவ் எடிஷனையும் உருவாக்கியது.

பிறகு வந்தவை வரிசையாக இருக்கின்றன: 2015-ல் ஆப்பிரிக்க அரசுகள், 2016-ல் தென்கிழக்கு ஆசியா, 2021-ல் ஐரோப்பா, 2022-ல் இந்தியா, 2023-ல் காகசஸ், 2025-ல் சீனா. 1999-ல் 13-ஆக இருந்த நாகரிகங்களின் எண்ணிக்கை 2025-ல் 50 ஆனது. ஒரு கேமுக்கு உலக வரைபடம் இப்படி மெல்ல மெல்லத் திறந்தது அபூர்வம்.

இதில் நாம் எங்கே?

முதல் 13-ல் இந்தியா இல்லை. யானை ஓட்டவேண்டும் என்றால் பாரசீகர்களைத்தான் எடுக்கவேண்டும். 2013-ல் ‘இந்தியர்கள்’ வந்தார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாகரிகம். அவர்களின் அடையாளம் ஒட்டகப்படை! தஞ்சாவூர்க்காரர் அதில் தன்னை எங்கே தேடுவார்?

2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ அதைப் பிரித்தது. பழைய இந்தியர்கள் ‘ஹிந்துஸ்தானிகள்’ ஆனார்கள். வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என மூன்று நாகரிகங்கள் புதிதாக வந்தன. திராவிடர் படையைத் தொட்டால் பதில் தமிழில் வருகிறது. ஹெட்செட்டில் முதல்முறை அதைக் கேட்டபோது, இது நம்ம கேம்தானா என்று ஒருமுறை மெனுவுக்குப் போய் சரிபார்த்தேன்.

திராவிடர்களுக்கு என்று இரண்டு தனிப்படைகள். ஒன்று உறுமி வீரர். நம்மூரில் உறுமி என்றால் மேளம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது சுருள் வாள். கேரளத்தில் உறுமி என்பது அதன் பெயர். முதல் வீச்சிலேயே சுற்றி நிற்கும் பலரையும் சேர்த்து வெட்டும். இன்னொன்று ‘திரிசடை’ என்ற பெரிய போர்க்கப்பல். ராமாயணத்துத் திரிசடையை மட்டும் தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் குழம்பலாம்.

‘வூட்ஸ் ஸ்டீல்’ என்ற தொழில்நுட்பத்தை ஆராய்ந்து முடித்தால், திராவிடர் காலாட்படையின் அடிக்கு எதிரியின் கவசம் பயன்படாது. தென்னிந்தியாவின் உருக்கு, கடல் கடந்து புகழ்பெற்ற சரக்கு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பும் எஃகும் தயாரான தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. ‘மெடிக்கல் கார்ப்ஸ்’ என்ற இன்னொன்று, யானைகளின் காயத்தைத் தானாக ஆற்றும். இதைப் பார்த்ததும் வீரராஜேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றிப் பேசும் 11-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது.

பலவீனமும் வரலாற்றோடு பொருந்துகிறது. திராவிடர்களுக்குக் கனமான குதிரைப்படை கிடையாது. தமிழகத்து மன்னர்கள் நல்ல குதிரைகளுக்குக் கடல்வழி இறக்குமதியை நம்பியிருந்தவர்கள். பாண்டிய நாட்டுக்கு வந்திறங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் மடிந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆகவே, கடல் நிறைந்த வரைபடத்தில் திராவிடர்கள் ராஜா. திறந்த வெளியில் திணறுவார்கள். “நம்ம ஆளு” என்ற பாசத்தில் பாலைவன வரைபடத்தில் எடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

யாருடைய கதை?

இந்தத் தொகுப்பின் கதைகளில் ஒன்று ராஜேந்திர சோழனுடையது. பெருமைதான். ஆனால், ஒரு சின்ன உறுத்தலும் இருக்கிறது.

1999 கேமில் சலாதீனின் கதையைச் சொல்பவர், அவரிடம் பிடிபட்ட ஒரு ஐரோப்பியர். எதிரியாக வந்தவர், எதிர்ப்பக்கத்து மனிதர்களை மெல்லப் புரிந்துகொள்வார். அந்த வயதில் சிலுவைப் போருக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று எங்களில் பலருக்குச் சொன்னது பாடப்புத்தகம் அல்ல, அந்தக் குரல்தான்.

ராஜேந்திரனின் வெற்றிகளுக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 1017-ல் சிறைபிடிக்கப்பட்ட இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன், நாடு திரும்பாமல் சோழர் சிறையிலேயே இறந்தான். 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மீது நடந்த படையெடுப்பு நமக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டம். கடாரத்துக்காரர்களுக்கு அது ஊர் பறிபோன நாள். வெற்றி பெற்ற மன்னனை நாம் மவுஸில் நகர்த்தும்போது இது கண்ணில் படாது. தெரிந்துகொண்டு விளையாடினால், கேமின் சுவை ஒன்றும் குறைந்துவிடாது.

‘திராவிடர்’ என்ற பெயரும் விவாதத்துக்குரியது. அது மொழிக்குடும்பத்தின் பெயர். எந்த மன்னனும் அந்தப் பெயரில் கொடி ஏற்றவில்லை. சோழர், பாண்டியர், சேரர், விஜயநகரம் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. ‘இந்தியர்கள்’ என்ற பழைய மூட்டையைப் பிரித்து, சற்றே சிறிய மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். முன்னேற்றம்தான், முடிவு அல்ல.

எங்கே நிறுத்துவது?

2025 மே மாதம் வந்த ‘தி த்ரீ கிங்டம்ஸ்’ ரசிகர்களிடையே பெரிய சண்டையைக் கிளப்பியது. அதில் வந்த ஐந்தில் வெய், ஷூ, வூ மூன்றும் 3-ம் நூற்றாண்டில் நூறு வருடம்கூட நிலைக்காத அரசுகள். இடைக்கால கேமில் அவர்களுக்கு என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். அவர்களின் வரலாற்று நாயகர்களை வழக்கமான போட்டிகளிலும் களமிறக்கலாம் என்பது இன்னொரு கோபம். கூடவே வந்த ஜுர்ச்சன், கித்தான் மக்களுக்கோ தனிக் கதைகூட இல்லை.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. விடுபட்டவர்களைச் சேர்ப்பது ஒன்று. விற்கும் என்பதற்காகச் சேர்ப்பது வேறு. ஆப்பிரிக்காவும் தென்கிழக்கு ஆசியாவும் தென்னிந்தியாவும் வந்தபோது கேம் பெரிதானது. இங்கே எண்ணிக்கை மட்டும் பெரிதானது.

சரி, எதை வாங்கலாம்?

திரும்பி வருபவர் என்றால், டெஃபினிட்டிவ் எடிஷன் மட்டும் போதும். 2016 வரை வந்த எக்ஸ்பான்ஷன்களும், புதிதாகச் சேர்ந்த நான்கு நாகரிகங்களுமாக 2019-லேயே அதில் 35 நாகரிகங்கள் இருந்தன. மாதக்கணக்கில் விளையாட இதுவே தாங்கும்.

முதலில் ‘ஆர்ட் ஆஃப் வார்’ என்ற பயிற்சிப் பகுதிக்குப் போங்கள். வளங்களை எந்த வரிசையில் சேர்ப்பது என்று சொல்லிக்கொடுத்து, வேகத்துக்கு ஏற்ப வெண்கலம், வெள்ளி, தங்கப் பதக்கம் தரும். என்னை மாதிரி வீராப்பாக நேரே களத்தில் குதிக்காதீர்கள்.

அடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், என் ஓட்டு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’வுக்கு. மற்றவற்றுக்குத் தள்ளுபடி வரும் வரை காத்திருக்கலாம். ‘த்ரீ கிங்டம்ஸ்’ கடைசியில்.

ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில், “சனிக்கிழமை ராத்திரி ஒரு மேட்ச் போடலாமா?” என்று கேட்டேன். ஒருவன் பெங்களூரு, ஒருவன் துபாய், இன்னொருவனுக்குக் கைக்குழந்தை. “பத்து மணிக்கு மேல ஓகே, குழந்தை தூங்கிடும்” என்று பதில் வந்தது. கடல் வரைபடம்தான் போடப்போகிறோம். திராவிடர் யாருக்கு என்பதில்தான் இப்போது சண்டை.