மனசு வெச்சா மட்டும் போதுமா? போதை மாத்திரையிலிருந்து மீட்கும் மருந்தும், அதை எட்டவிடாத தூரமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு வலிக்கு எனத் தொடங்கிய டேபென்டடால் மாத்திரை இல்லாமல் இப்போது அவரால் இருக்க முடியவில்லை. நிறுத்தினால் உடம்பு முறுக்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ‘மனசு வெச்சா விட்டுடலாம்’ என்கிறார்கள் வீட்டில். ஆனால், இது மனசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. இதற்கு மருந்து இருக்கிறது.

என்ன மருந்து?

பெயர் புப்ரெனார்பின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை. ஹெராயின், அபின், டேபென்டடால் போன்ற ஓபியாய்டுகள் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கின்றனவோ, அதே இடத்தை இதுவும் பிடிக்கும். ஆனால், அவற்றைப் போல முழு வீச்சில் வேலை செய்யாது. அதனால் உடல் அவஸ்தை அடங்கும், ஏக்கம் குறையும், வேலைக்குப் போக முடியும். மெத்தடோனையும் இதையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஒரு விஷயம்: எளாவூர் சோதனைச் சாவடியில் அடிக்கடி பிடிபடும் கஞ்சா வேறு வகை. அதற்கு இந்த மருந்து உதவாது.

ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?

பலரும் கேட்கும் கேள்வி இது. சில நாள் அட்மிட் ஆகி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்தால் போதாதா? அதில்தான் ஆபத்து. இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். மறுபடி பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். தினசரி மருந்து அந்த இடைவெளியை விடாமல் காக்கிறது. பிரான்ஸில் 1990-களின் நடுவில் சாதாரண குடும்ப டாக்டர்களே புப்ரெனார்பின் எழுதித்தர வழி செய்தார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையே ஓவர்டோஸ் மரணங்கள் 79% குறைந்தன.

அப்புறம் என்ன சிக்கல்?

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வின் 2019 அறிக்கைப்படி, நாட்டில் 2.26 கோடி பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். அதில் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. ஆனால், இந்த மருந்து தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. குறிப்பிட்ட மையங்களில்தான் தருவார்கள். வெளியே விற்றுவிடக் கூடாது என்பதால், பல மையங்களில் தினமும் ஊழியர் கண் முன்னே போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் இளைஞருக்கு மருந்து திருவள்ளூரில் என்றால்? மாவட்டத் தலைநகர்தான், ஆனால் வேறு ரயில் பாதை. பேசின் பிரிட்ஜ் வரை வந்து மாறிப் போக வேண்டும். ஷிப்டை விட்டால் அன்றைய சம்பளம் கட். எத்தனை நாள் போவார்?

தீர்வு உண்டா?

பஞ்சாப் ஒரு வழி காட்டுகிறது. 2017-ல் புறநோயாளி மையங்களைத் தொடங்கியது. இன்று 500-க்கும் மேல் இருக்கின்றன. 2020 கரோனா ஊரடங்கில் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். தமிழக அரசும் 2025-ல் 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் திறந்தது. அடுத்த படி, தாலுகா மருத்துவமனையிலேயே ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற கவுன்ட்டர், நிலையாக இருப்பவர்களுக்குச் சில நாள் மாத்திரை கையில். தொழிற்பேட்டைக்கு வேண்டியது இதுதான்.

போலீஸ் பயமா?

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு துணை நிற்கிறது. பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு பெறலாம்.

முதலில் யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416. வீட்டில் ஒருவர் தடுமாறுகிறார் என்றால், ‘மனசு வை’ என்பதோடு நிறுத்தாமல் இந்த எண்ணையும் கொடுங்கள்.